வாசகர் கேள்வி-பதில்: திசு வெட்டில் கைனேஸைக் காட்டும் ஆன்டிபாடி

திசு வெட்டுகளில் புரோட்டீன் கைனேஸ்களை, அதாவது பிற புரோட்டீன்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதிகளை, கண்டறியும் ஆன்டிபாடிகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில் தருகிறோம். பலரும் கேட்டிருப்பது, செல் வளர்ச்சிச் சமிக்ஞையைக் கடத்தும் எர்க் 1/2 என்ற கைனேஸ் இணை பற்றி. அதிலும் பாஸ்பேட் ஏறிய எர்க்கை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி பற்றி. ஆகவே எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும். ஏகேடி, ஹெர்-2, கிட் போன்ற கைனேஸ்களுக்கும் அடிப்படை இதுவே. மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பாஸ்போ-எர்க் ஆன்டிபாடி வெஸ்டர்ன் பிளாட்டில் (புரோட்டீன்களை அளவு வாரியாகப் பிரித்துப் பார்க்கும் சோதனை) 44, 42 கிலோடால்டன் அளவில் இரண்டு தெளிவான பட்டைகளைத் தருகிறது. அதே குப்பியிலிருந்து எடுத்து, ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த பாரஃபின் வெட்டில் போட்டால் ஒன்றுமே தெரிவதில்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டிருந்தால் பிளாட்டிலும் பட்டை வந்திருக்காது. பிளாட்டில் இருப்பது எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள் கலந்து கொதிக்கவைத்து, மடிப்பெல்லாம் பிரிந்து நீண்டு கிடக்கும் புரோட்டீன். திசுவில் ஃபார்மலின் புகுந்து, லைசின் போன்ற அமினோ அமிலங்களை மெத்திலீன் பாலங்களால் பக்கத்துப் புரோட்டீன்களோடு பிணைத்துவிடுகிறது. ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய பகுதி அந்தப் பிணைப்புக்குள் மறைந்து போகிறது. பஃபரில் சூடாக்கி அதை மீண்டும் வெளிக்கொண்டு வரும் ஆன்டிஜென் மீட்பு முறை 1991-இல் வெளியானது. இன்றும் பெரும்பாலான கைனேஸ் ஆன்டிபாடிகள் அந்தப் படி இல்லாமல் வேலை செய்வதில்லை.

முதலில் மூன்று ஸ்லைடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 10 மில்லிமோலார் சிட்ரேட், பிஎச் 6.0. இன்னொன்று 10 மில்லிமோலார் டிரிஸ், 1 மில்லிமோலார் ஈடிடிஏ, பிஎச் 9.0. மூன்றாவதைச் சூடாக்க வேண்டாம். பஃபர் 95 டிகிரியைத் தொட்ட பிறகு ஸ்லைடை இறக்கி, 95–98 டிகிரியில் 20 நிமிடம் வைத்து, அதே பஃபரில் இன்னொரு 20 நிமிடம் ஆறவிடுங்கள். குளிர்ந்த பஃபரில் ஸ்லைடை வைத்துச் சூடேற்றிவிட்டு, சூடேறிய நேரத்தையும் 20 நிமிடத்துக்குள் கணக்கிடுவது பரவலான தவறு. அப்போது உண்மையான மீட்பு நேரம் பாதியாகிவிடும்.

மூன்றிலும் ஒன்றுமில்லை என்றால் உடனே ஆன்டிபாடியின் அளவைக் கூட்டாதீர்கள். அந்தத் திசுவில் பாஸ்பேட் ஏறிய எர்க் இருக்கிறதா என்பதே முதலில் தெரிய வேண்டும். அதற்கு, விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு கன்ட்ரோல் வெட்டை அதே ஓட்டத்தில் சேர்க்க வேண்டும். எப்படிச் செய்வது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம். கன்ட்ரோலிலும் நிறம் வராவிட்டால், அந்த குளோன் (ஆன்டிபாடியின் குறிப்பிட்ட வகை) பாரஃபின் வெட்டுக்கு உகந்தது என்று தயாரிப்பாளர் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். வெஸ்டர்னுக்கு மட்டும் என்று போட்டிருந்தால் வேறு குளோனுக்கு மாறுவதுதான் காலத்தை மிச்சப்படுத்தும்.

கேள்வி: கட்டியின் வெளி விளிம்பில் பாஸ்போ-எர்க் பளிச்சென்று இருக்கிறது, நடுப்பகுதியில் இல்லவே இல்லை. கட்டி விளிம்பில்தான் வளர்கிறது என்று எழுதலாமா?

பதில்: இப்போது எழுத வேண்டாம். விளிம்பில் நிறமும் நடுவில் வெறுமையும் என்றால், ஃபார்மலின் உள்ளே போய்ச் சேரத் தாமதமானதன் அடையாளமாகவே முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

எர்க் 1-இல் 202-ஆம் திரியோனினிலும் 204-ஆம் டைரோசினிலும் ஏறியிருக்கும் பாஸ்பேட் நிலையானதல்ல. செல்லில் கைனேஸ்கள் ஏற்றிக்கொண்டே இருக்கும், பாஸ்படேஸ்கள் கழற்றிக்கொண்டே இருக்கும். திசுவை வெட்டி எடுத்ததும் ரத்த ஓட்டம் நின்று, பாஸ்பேட்டைத் தரும் ஏடிபி குறைகிறது. ஏற்றும் வேலை தளர்ந்துபோக, கழற்றும் வேலை மட்டும் தொடர்கிறது. ஃபார்மலின் தொட்ட இடத்தில் இது உறைந்து நிற்கும். தொடாத இடத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் மணி நேரத்தில் ஃபார்மலின் ஏறத்தாழ 1 மி.மீ. ஆழம்தான் போகும், அதன் பிறகு வேகம் இன்னும் குறையும். 2 செ.மீ. கட்டியை முழுசாக ஜாடியில் போட்டால் நடுப்பகுதி பல மணி நேரம் வெறுமனே காத்திருக்கும். இன்னொன்றும் நடக்கும்: ஆக்சிஜன் இல்லாத அழுத்தத்தால் பி38, ஜேஎன்கே போன்ற கைனேஸ்களில் பாஸ்பேட் கூடவும் செய்யலாம். எனவே தாமதம் எப்போதும் அளவைக் குறைக்கும் என்றும் நம்பிவிட முடியாது.

செய்ய வேண்டியது இது. திசு வெளியே வந்த நேரத்தையும் ஃபார்மலினில் விழுந்த நேரத்தையும் எழுதிவையுங்கள். இந்த இடைவெளியைப் பாஸ்போ ஆன்டிபாடிகளுக்கு நிமிடக் கணக்கில் வைத்துக்கொள்ளப் பாருங்கள். கூர்மையான பிளேடால் 3 மி.மீ. தடிப்புக்கு மேற்படாத சீவல்களாக்கி, திசுவைப் போலப் பத்து முதல் இருபது மடங்கு கொள்ளளவு 10% நடுநிலை பஃபர் ஃபார்மலினில் போடுங்கள். 10% ஃபார்மலின் என்பது சுமார் 4% ஃபார்மால்டிஹைடு. இதைக் குழப்பிக்கொண்டு 10% ஃபார்மால்டிஹைடு கலப்பவர்கள் இருக்கிறார்கள். அறை வெப்பத்தில் 24 மணி நேரம் போதும். ஊசி பயாப்சி என்றால் குறைவாகவும் இருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குக் கீழே இறங்காதீர்கள். விடுமுறை குறுக்கிட்டால் ஃபார்மலினிலேயே விட்டுவைக்காமல் 70% எத்தனாலுக்கு மாற்றுங்கள். ஆய்வக எலி என்றால், மயக்கத்தில் இதயம் வழியாக 4% பாராஃபார்மால்டிஹைடு செலுத்துவது இந்தச் சிக்கலை வேரோடு அகற்றும். சிறு துண்டுகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 4 டிகிரி குளிர்ந்த ஃபார்மலினில் 2 மணி நேரம் வைத்தால் நொதிகள் அடங்கியிருக்கும்போதே ஃபார்மலின் உள்ளே பரவிவிடும். பிறகு 45 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தால் பிணைப்பு வேகமாக முடியும்.

உங்களிடம் இப்போது இருக்கும் பிளாக்குகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அடுத்தடுத்த வெட்டுகளில் மொத்த எர்க் ஆன்டிபாடியையும் போட்டுப் பாருங்கள். மொத்த எர்க் நடுவிலும் விளிம்பிலும் சமமாக இருந்து பாஸ்போ மட்டும் சரிந்தால், காரணம் பதப்படுத்தலாகவும் இருக்கலாம், உயிரியலாகவும் இருக்கலாம். அப்போது நடுவிலுள்ள ரத்தக் குழாய்ச் சுவர்ச் செல்களையும் இணைப்புத் திசுச் செல்களையும் கவனியுங்கள். விளிம்பில் நிறம் பிடித்த அந்தச் செல் வகைகள் நடுவில் ஒன்றுகூட நிறம் பிடிக்கவில்லை என்றால், பழி கட்டி மீதல்ல, ஃபார்மலின் மீது. கட்டியின் எந்தப் பகுதியிலிருந்து வெட்டினாலும் வெறுமை பிளாக்கின் நடுவிலேயே வந்தாலும் அதே முடிவுதான்.

கேள்வி: பத்து ஸ்லைடுகளுக்கு, அளவுகளோடு முழு முறையையும் ஒரே இடத்தில் தர முடியுமா?

பதில்: தருகிறோம். முயலில் உருவாக்கிய மோனோகுளோனல் ஆன்டிபாடி, பெராக்ஸிடேஸ் பாலிமர் (முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இரண்டாம் ஆன்டிபாடியும் பெராக்ஸிடேஸ் நொதியும் இணைந்தது), அந்த நொதியால் பழுப்பாகும் டிஏபி நிறமி என்று வைத்துக்கொள்வோம்.

4 மைக்ரான் வெட்டுகளை நேர்மின்னேற்ற ஸ்லைடில் எடுத்து, 60 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்துங்கள். சைலீன் மூன்று முறை, ஒவ்வொன்றும் 5 நிமிடம். 100% எத்தனால் இரண்டு முறை, 95% ஒரு முறை, 70% ஒரு முறை, பிறகு நீர். மெழுகு முழுதாகப் போகாவிட்டால் பிற்பாடு தீவு தீவாக நிறமில்லாத இடங்கள் தெரியும். பழைய சைலீனைச் சேமிப்பதில் லாபமில்லை. அடுத்து, மேலே சொன்ன மீட்பு. இதற்குப் பிறகு ஸ்லைடு ஒரு கணமும் உலரக் கூடாது.

திசுவின் சொந்தப் பெராக்ஸிடேஸை அடக்க 3% ஹைட்ரஜன் பெராக்ஸைடில் 10 நிமிடம். 0.1% ட்வீன்-20 கலந்த டிரிஸ் உப்புக் கரைசலில் கழுவி, அதே கரைசலில் 5% சாதாரண ஆட்டு சீரம் கலந்து ஒரு மணி நேரம் மூடிவையுங்கள். பால் பொடியைத் தவிர்த்துவிடுங்கள். பாலின் கேசினிலேயே பாஸ்பேட் ஏறியிருக்கிறது. பாஸ்போ ஆன்டிபாடி வேலையில் அது எதற்கு?

முதல் ஆன்டிபாடி: ஒரு ஸ்லைடுக்கு 150 மைக்ரோலிட்டர், பத்துக்கு 1.5 மில்லிலிட்டர். சிந்துவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்து 1.65 மில்லிலிட்டர் கலக்குங்கள். 1:200 என்றால் குப்பியிலிருந்து 8.25 மைக்ரோலிட்டர். ஈரப்பெட்டியில் 4 டிகிரியில் இரவு முழுக்க. தாளில் எழுதியிருக்கும் விகிதம் தொடக்கம் மட்டுமே. உங்கள் திசுவில் 1:50 முதல் 1:800 வரை இரட்டிப்பாக ஐந்து ஸ்லைடு ஓட்டி, கன்ட்ரோலின் இரு பக்கங்களுக்கும் (எர்க்கைத் தூண்டிய செல்கள், அடக்கிய செல்கள்; கீழே சொல்கிறோம்) இடையே வேறுபாடு மிக அதிகமாகத் தெரியும் விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள். மிகக் கருமையான ஸ்லைடைத் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே பலரும் வழுக்கும் இடம்.

மறுநாள் மூன்று முறை 5 நிமிடம் கழுவி, பாலிமர் 30 நிமிடம், மீண்டும் கழுவல், டிஏபி. டிஏபியைக் கையுறை அணிந்தே கையாளுங்கள், கழிவைத் தனியாகச் சேர்த்துவையுங்கள். கன்ட்ரோல் ஸ்லைடை நுண்ணோக்கியின் கீழ் வைத்து நேரத்தைத் தீர்மானியுங்கள். பொதுவாக 2 முதல் 5 நிமிடத்துக்குள் அமையும். அந்த நேரத்தை எல்லா ஸ்லைடுக்கும் நொடி பிசகாமல் கொடுங்கள். ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்போது நிறுத்தினால், ஒப்பிடவே முடியாத பத்து ஸ்லைடுகள்தான் கிடைக்கும்.

அணுக்கருவை நீலமாக்கும் ஹெமடாக்ஸிலின் 20–30 நொடி போதும். பாஸ்போ-எர்க்கின் பெரும்பங்கு அணுக்கருவில்தான் தெரியும். அங்கே நீலம் அடர்ந்தால் மெல்லிய பழுப்பு மறைந்துவிடும். பிறகு நீர் நீக்கி, சைலீனில் தெளிவாக்கி, கண்ணாடி மூடுங்கள்.

கேள்வி: பழுப்பு நிறம் வந்தது. அது எர்க்தான் என்று எதை வைத்துச் சொல்வது? முதல் ஆன்டிபாடி இல்லாத ஸ்லைடு சுத்தமாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது. இரண்டாம் ஆன்டிபாடியும் நிறமியும் தாமாக ஒட்டவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. முதல் ஆன்டிபாடி வேறொரு புரோட்டீனில் போய் ஒட்டியிருந்தால் அந்த ஸ்லைடு மௌனமாகவே இருக்கும். மனிதனில் 500-க்கும் மேற்பட்ட கைனேஸ்கள் இருக்கின்றன. ஒரே குடும்பத்தில் பாஸ்பேட் ஏறும் பகுதியின் அமினோ அமில வரிசை ஒன்றையொன்று நெருக்கமாக ஒத்திருக்கும். ஆகவே சந்தேகம் நியாயமானது.

எங்கள் பார்வையில் முதலிடம் செல் கன்ட்ரோல் பிளாக்குக்கு. ஒரே செல் வகையை இரண்டு தட்டுகளில் வளர்த்து, இரண்டையும் இரவு முழுக்க சீரம் இல்லாமல் வையுங்கள். ஒன்றில் பிஎம்ஏ என்ற தூண்டும் வேதிப்பொருள் 200 நானோமோலார், 15 நிமிடம். எர்க் பாஸ்பேட் எகிறும். மற்றதில் 10 மைக்ரோமோலார் யூ0126 ஒரு மணி நேரம். எர்க்கில் பாஸ்பேட் ஏற்றும் மெக் என்ற கைனேஸ் தடைபட்டு எர்க் பாஸ்பேட் அடங்கும். தட்டிலேயே ஃபார்மலின் ஊற்றிப் பதப்படுத்திவிட்டு அதன் பிறகு சுரண்டி எடுங்கள். டிரிப்சின் போட்டுக் கிளப்பினால் அந்தக் கையாளலே சமிக்ஞையை மாற்றிவிடும். ஒரு கோடி செல்களை 2% அகரோஸில் பொதிந்து, உங்கள் திசு எத்தனை மணி நேரம் ஃபார்மலினில் இருந்ததோ அத்தனை நேரம் இதையும் வைத்து, பாரஃபினில் பதியுங்கள். இரண்டு பொதிகளையும் ஒரே பிளாக்கில் அருகருகே வைத்தால் ஒவ்வொரு வெட்டிலும் இரண்டும் கிடைக்கும். செல்களில் ஒரு பகுதியைக் கரைத்து வெஸ்டர்னும் ஓட்டிவையுங்கள். இரண்டும் ஒரே திசையில் போக வேண்டும். பாஸ்போ-ஏகேடி 473-ஆம் செரினுக்கு எல்என்கேப் (புரோஸ்டேட் புற்று) செல்கள் வசதி: ஏகேடியை அடக்கி வைக்கும் பிடென் புரோட்டீன் இல்லாததால் ஏகேடியில் பாஸ்பேட் எப்போதும் ஏறியே இருக்கும், எல்ஒய்294002 என்ற தடைப்பொருளைப் போட்டால் இறங்கும்.

அடுத்தது, பாஸ்பேட்டைக் கழற்றும் லாம்டா பாஸ்படேஸ் நொதி. மீட்புக்குப் பிறகு ஒரு வெட்டில் மாங்கனீசு சேர்த்த பஃபரோடு நொதியையும், பக்கத்து வெட்டில் நொதியில்லாத அதே பஃபரையும் 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். பாஸ்போ நிறம் மறைந்து, மொத்த எர்க் அப்படியே நின்றால், ஆன்டிபாடி பாஸ்பேட்டை நம்பித்தான் பிடிக்கிறது. நொதி வேலை செய்யவில்லை என்று பலர் சலித்துக்கொள்வதற்கு இரண்டு எளிய காரணங்கள் உண்டு. மீட்புக் கரைசலில் இருந்த ஈடிடிஏ சரியாகக் கழுவப்படாமல் மாங்கனீசைப் பிடித்துக்கொள்கிறது. அல்லது பாஸ்பேட் பஃபரில் கழுவியதால் நொதி தடைபடுகிறது. டிரிஸ் பஃபரில் நன்றாகக் கழுவினால் இரண்டும் தீரும்.

மொத்த எர்க் ஆன்டிபாடியைச் சரிபார்க்க மரபணு நீக்கிய செல்களே உறுதியான சான்று. பெப்டைடு தடைச் சோதனையை ஓரளவுக்கே நம்புங்கள். பாஸ்பேட் உள்ள பெப்டைடு நிறத்தை அணைத்து, பாஸ்பேட் இல்லாதது அணைக்காவிட்டால் நல்லதுதான். ஆனால் தவறான புரோட்டீனில் ஒட்டும் அதே கையையும் பெப்டைடு அடைத்துவிடும். அதனால் தவறான நிறமும் சேர்ந்தே மறையும்.

ஐசோடைப் கன்ட்ரோல் (அதே வகையைச் சேர்ந்த, ஆனால் எர்க்கைக் குறிவைக்காத ஆன்டிபாடி) போடுபவர்கள் விகிதத்தைப் பார்க்காமல் செறிவைப் பாருங்கள். 0.5 மி.கி./மி.லி. குப்பி 1:200-இல் 2.5 மைக்ரோகிராம்/மி.லி. ஆகிறது. முயல் ஐஜிஜி 1 மி.கி./மி.லி. என்றால் அதை 1:400 ஆக்க வேண்டும்.

கேள்வி: கல்லீரல் வெட்டு முழுக்கப் பழுப்பாகிறது. எலித் திசுவில் எலியில் உருவாக்கிய ஆன்டிபாடி போட்டாலும் அப்படியே. எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மூன்று ஸ்லைடுகள் போதும். ஒன்றில் டிஏபி மட்டும். பழுப்பானால் திசுவின் சொந்தப் பெராக்ஸிடேஸ், அல்லது முன்பே இருக்கும் நிறமி. பெராக்ஸைடைப் புதிதாகக் கலந்து மீண்டும் செய்யுங்கள். அப்படியும் போகாவிட்டால், எந்தச் சாயமும் போடாத வெட்டைப் பாருங்கள். ஹீமோசிடெரினும் மெலனினும் அதிலேயே பழுப்பாகத் தெரியும், அவற்றுக்குச் சிவப்பு நிறமிக்கு மாற வேண்டியதுதான். இரண்டாவதில் பாலிமரும் டிஏபியும். இதில் பழுப்பானால் இரண்டாம் ஆன்டிபாடியின் குற்றம். எலிமேல் எலி என்ற உங்கள் சிக்கல் இங்கேதான் பிடிபடும், ஏனெனில் திசுவிலுள்ள எலி ஐஜிஜியையும் அது பிடிக்கிறது. முயல் ஆன்டிபாடிக்கு மாறுவதே நேர்வழி. மூன்றாவதில் எல்லாம். இதில் மட்டும் வந்தால் முதல் ஆன்டிபாடி மிகுதி, இன்னும் நீர்க்க வேண்டும்.

பயோட்டின்-அவிடின் முறை பயன்படுத்துகிறீர்கள் என்றால் கல்லீரலும் சிறுநீரகமும் தங்கள் பயோட்டினைக் காட்டிக்கொடுக்கும். சூடாக்கிய பிறகு இன்னும் கூடும். பாலிமருக்கு மாறுங்கள். வெட்டின் ஓரம் மட்டும் கருத்திருந்தால் அது உலர்ந்த தடம்.

கேள்வி: கெடாமல் இருக்க ஆன்டிபாடிக் கரைசல்களில் சோடியம் அசைடு சேர்க்கிறோம். தவறா?

பதில்: முதல் ஆன்டிபாடிக்குச் சரி, கழுவும்போது போய்விடும். பெராக்ஸிடேஸ் இணைந்த எதிலும் சேர்க்காதீர்கள், நொதி முடங்கிவிடும்.

கேள்வி: பழுப்பின் அடர்த்தியை மென்பொருளால் அளந்து கைனேஸ் இரண்டு மடங்கு என்று எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது. டிஏபி படிவு ஒளியை உறிஞ்சுவதோடு சிதறடிக்கவும் செய்கிறது. அடர்த்தி புரோட்டீன் அளவோடு நேர்விகிதத்தில் ஏறாது. எச்-மதிப்பெண் கொடுங்கள்: மங்கல் செல்களின் சதவீதத்தை 1-ஆலும், நடுத்தரத்தை 2-ஆலும், அடர்த்தியானதை 3-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். 30% மங்கல், 20% நடுத்தரம், 10% அடர்த்தி என்றால் 30 + 40 + 30 = 100; உச்சம் 300. எந்த மாதிரி எந்தக் குழு என்று தெரியாத இருவர் தனித்தனியே எண்ண வேண்டும். அணுக்கருவும் சைட்டோபிளாசமும் தனித்தனிக் கணக்கு.

எந்த இடத்து நிறத்தை எண்ணுவது என்பது கைனேஸுக்குக் கைனேஸ் மாறும். மார்பகப் புற்றில் ஹெர்-2 என்றால் செல் சவ்வு மட்டும்: 10 சதவீதத்துக்கும் மேற்பட்ட கட்டிச் செல்களில் சுற்றிலும் முழுமையாக, அடர்த்தியாக இருந்தால் 3+, முழுமையாக, ஆனால் மங்கலாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் 2+, அதற்கு மரபணுச் சோதனை தேவை. சைட்டோபிளாசப் பழுப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. நோயாளிக்கு மருந்து தீர்மானிக்கும் சோதனை இது. ஆய்வுக்கான ஆன்டிபாடியை அதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. கிட் பார்ப்பவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு: வெட்டிலேயே இருக்கும், இயல்பாகக் கிட் கொண்ட மாஸ்ட் செல்கள் நிறம் பிடித்தால் சோதனை ஓடியிருக்கிறது என்று பொருள்.

கேள்வி: போன ஆண்டு வெட்டி வைத்த ஸ்லைடுகள் இருக்கின்றன. ஆன்டிபாடியும் புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். வெட்டிய பரப்பில் காற்றும் ஈரமும் பட்டுப்பட்டு ஆன்டிஜென் மங்கும். பாஸ்போ இன்னும் எளிதில் மங்கும். பிளாக்கை வைத்திருங்கள், ஓட்டத்துக்கு முந்தைய சில நாட்களில் வெட்டுங்கள். பிளாக்கின் முகப்பும் திறந்தே கிடந்திருக்கும், ஆகவே முதல் சில வெட்டுகளை ஒதுக்குங்கள்.

புதிய லாட்டுக்குத் தனிச் சோதனை: செல் கன்ட்ரோல் பிளாக்கிலும், அடர்த்தி, நடுத்தரம், வெறுமை என்று ஏற்கெனவே தெரிந்த மூன்று திசுக்களிலும் பழைய லாட்டையும் புதியதையும் ஒரே நாளில் ஓட்டுங்கள். பாலிகுளோனல் (விலங்கின் சீரத்திலிருந்து எடுக்கும் கலவை) என்றால் விலங்கே மாறியிருக்கலாம், விகிதத்தை மறுபடி தேட வேண்டிவரும். மரபணுவை வைத்துச் செல்களில் தயாரிக்கும் மறுசேர்க்கை மோனோகுளோனலில் இந்த அலைச்சல் மிகக் குறைவு. நீண்ட ஆய்வு தொடங்குபவர்கள் அதையே வாங்குங்கள். 50% கிளிசரால் கலந்த குப்பி −20 டிகிரியில் உறையாது, அதைப் பிரிக்க வேண்டியதில்லை. கிளிசரால் இல்லாததை 10 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து உறையவையுங்கள்; எடுத்த பங்கை 4 டிகிரியில் வைத்துத் தீர்த்துவிடுங்கள், திரும்ப உறையவைக்காதீர்கள். பெராக்ஸிடேஸ் பாலிமரை மட்டும் எந்நாளும் உறையவைக்க வேண்டாம். பழைய லாட் முழுவதும் தீர்வதற்கு முன்பே புதியதை வரவழையுங்கள். ஒப்பிடப் பழையதில் ஒரு பங்காவது மிஞ்சியிருக்க வேண்டும்.